மடை திருடும் பாக்டீரியா: நெல் இலைக்கருகல் சொல்லும் செல் பாடம்



போன இதழ்ல மண்ணில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களைப் பத்திப் படிச்சோம். இந்த முறை நமக்குத் தொல்லை கொடுக்கிற ஒரு பாக்டீரியாவைப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி என் வயல்ல நடந்த ஒரு தவறைச் சொல்லிடறேன். அந்தத் தவறுதான் என்னை இந்தப் பாடத்தைத் தேடிப் படிக்க வெச்சது.

நான் இயற்கை வழிக்கு மாறி ஆறாவது வருஷம். சம்பாப் பட்டத்துல ஆந்திரா பொன்னி போட்டிருந்தேன். தக்கைப்பூண்டு மடக்கி உழுதாச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். பக்கத்து வயல் யூரியா போட்டுக் கரும்பச்சையா நிக்கிறதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கல. சரியா மக்காத கோழி எருவை அள்ளிக் கொட்டினேன். அப்புறம் வாரம் தவறாம மீன் அமிலம் தெளிச்சேன். ஆள் கிடைக்காம நடவு தள்ளிப் போனதால நாத்து வயசு ஏறிப்போச்சு. ஒசந்து நிக்குதேன்னு நுனியைக் கிள்ளிட்டு நட்டோம்.

பயிர் கண்ணைப் பறிக்கிற மாதிரி வந்துச்சு. ஐப்பசி கடைசியில காத்தோட மூணு நாள் அடைமழை. மழை விட்ட ஒரு வாரத்துல இலையோட ஓரமெல்லாம் மஞ்சளாகி, நுனியிலிருந்து கீழ்நோக்கி வைக்கோல் நிறத்துல காய ஆரம்பிச்சது. "சத்துக் குறைவா இருக்கும்"னு நினைச்சு இன்னொரு தடவை மீன் அமிலம் அடிச்சேன். எரியிற அடுப்புல விறகு வெச்ச கதைதான். ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை எடுக்கிற வயல்ல ஒன்பது மூட்டைதான் கண்டேன். அதுலயும் பாதி அரைமணி.

பக்கத்து வயல் அண்ணன் வரப்புல நின்னு கேட்டார்: "ஏன்டா தம்பி, நீதான் ரசாயனமே போடறதில்லையே, உனக்கு எப்படிடா வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியல. "இயற்கையா செஞ்சா நோய் வராது"ன்னு நானே பத்துப் பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அன்னைக்கு அந்தப் பேச்சுக்கு வெட்கப்பட்டேன். அவர் கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பதில் கண்ணுக்குத் தெரியாத அளவுல, நெல்லோட செல்லுக்குள்ள இருக்கு.

செல் என்பது வரப்புக் கட்டின வயல்

எந்த உயிரும் செல்களால் ஆனது. ஒரு செல்லை வரப்புக் கட்டின ஒரு வயலா நினைச்சுக்குங்க. செடியின் செல்லுக்கு வெளியே கெட்டியான ஒரு சுவர் உண்டு. அதுல தண்ணியும் சின்னச் சின்னச் சத்துகளும் கசிஞ்சு போகும். சுவருக்கு உள்பக்கம் ஒட்டினாப்ல மெல்லிய சவ்வு ஒண்ணு இருக்கு. உண்மையான வரப்பு இந்தச் சவ்வுதான். இது கொழுப்பால் ஆனது. எண்ணெய்ல சர்க்கரை கரையாதுங்கிறது நமக்குத் தெரியும். அதே காரணத்தாலதான் சர்க்கரையோ உப்புச் சத்துகளோ இந்தச் சவ்வைத் தானா கடந்து போக முடியாது.

அப்ப சத்து எப்படி உள்ளே வருது, எப்படி வெளியே போகுது? சவ்வுல ஆங்காங்கே புரதத்தால் ஆன வாசல்கள் பதிச்சிருக்கு. ஒவ்வொரு வாசலும் குறிப்பிட்ட பொருளுக்குத்தான். அம்மோனியத்துக்கு ஒண்ணு, நைட்ரேட்டுக்கு ஒண்ணு, சாம்பல் சத்துக்கு ஒண்ணு, சர்க்கரைக்கு ஒண்ணு.

இந்த வாசல்களில் ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு மடை மாதிரி. மடையைத் திறந்தா மேட்டுல இருக்கிற தண்ணி பள்ளத்துக்குத் தானா ஓடும், செலவு கிடையாது. இன்னொண்ணு மோட்டார் மாதிரி. பள்ளத்துல இருக்கிறதை மேட்டுக்கு ஏத்தும், ஆனா அதுக்குச் சக்தி செலவாகும். செடி ரெண்டையும் வெச்சுத்தான் பிழைக்குது.

செடிக்குள்ள ரெண்டு வாய்க்கால்

நெல் இலையில நீளவாக்குல நரம்புகள் ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு நரம்புக்குள்ளயும் ரெண்டு வகைக் குழாய்கள் உண்டு. சைலம் என்பது வேரிலிருந்து தண்ணியையும் மண்சத்தையும் மேலே கொண்டு போற குழாய். ஃபுளோயம் என்பது இலையில சமைச்ச சர்க்கரையை வேருக்கும் கதிருக்கும் கொண்டு போற குழாய். ஒண்ணு ஆத்துத் தண்ணி வர்ற வாய்க்கால், இன்னொண்ணு விளைஞ்சதை ஏத்திப் போற வண்டிப்பாதை.

இலைச் செல்லுல வெயிலை வெச்சுச் சர்க்கரை உண்டாகுது. அது மடை வழியா செல்லுக்கு வெளியே, செல் சுவர் இடைவெளிக்கு வருது. அங்கிருந்து மோட்டார் அதை இழுத்து ஃபுளோயம் குழாய்க்குள்ள ஏத்துது. குழாய் வழியாப் போய்க் கதிர்ல பால் பிடிக்குது. நாம அறுக்கிற ஒவ்வொரு நெல்மணியும் இப்படி மடை மாறி மடை மாறி வந்த சர்க்கரைதான்.

சர்க்கரையை வெளியே விடுற அந்த மடைகளை 2010-ல் அமெரிக்காவில் வுல்ஃப் ஃப்ரோமரின் ஆய்வுக் குழு அடையாளம் கண்டது. அதுக்கு 'ஸ்வீட்'னு பொருத்தமா பேர் வெச்சாங்க. நெல்லில் இந்த வகை மடைக்கு 21 மரபணுக்கள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஓர் எண். ஸ்வீட்11, ஸ்வீட்13, ஸ்வீட்14 என்ற மூணை மட்டும் நினைவுல வெச்சுக்குங்க. நம்ம கதை அதுலதான் இருக்கு.

மடை எப்பவும் திறந்தே கிடக்காது. செடி தேவைப்படும்போது தேவைப்படும் இடத்துல மட்டும் மடையை உண்டாக்கும். அதுக்கான உத்தரவு செல்லின் உட்கருவில் இருக்கிற மரபணுவில் எழுதியிருக்கு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால ஒரு சின்னப் பகுதி உண்டு. அதை அந்த மரபணுவோட விலாசம்னு வெச்சுக்கலாம். "இந்த விலாசத்துல இருக்கிற மடையைத் திற"ன்னு செடியின் புரதம் ஒண்ணு வந்து அங்கே உட்கார்ந்தால்தான் வேலை ஆரம்பிக்கும். ஊர்ல நீர்க்கட்டி இருந்த காலத்துல அவர் சொல்லாம யாரும் மடையைத் தொட மாட்டாங்க, அது மாதிரி.

விடியற்காலைத் துளி

இப்ப நோய்க்கு வருவோம். பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்குறது சாந்தோமோனாஸ் ஒரைசே என்கிற பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கா போட்டா, அதுல ஒண்ணு ரெண்டு பங்குதான் இதோட நீளம். 1884-ல் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி உழவர்கள்தான் இந்த நோயை முதல்ல கவனிச்சுச் சொன்னவங்க. மண்ணோட புளிப்புத்தான் காரணம்னு அப்ப நினைச்சாங்க. இலையில நிக்கிற கலங்கல் துளியில பாக்டீரியா இருக்குன்னு தெரிய அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. நம்ம நாட்டுல 1963-ல் பீகாரில் பெரிய அளவுல அழிவு பண்ணுச்சு. குட்டை ரகங்களும் யூரியாவும் ஒண்ணா வந்த அந்தப் பத்தாண்டுல நாடு முழுக்கப் பரவிப்போச்சு.

இது எப்படி உள்ளே நுழையுது? காலையில வயலுக்குப் போனா நெல் இலையோட நுனியிலயும் ஓரத்துலயும் முத்து முத்தா தண்ணி நிக்கும். நாம பனின்னு சொல்றோம். அதுல நிறைய பனி இல்ல. ராத்திரியில இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேர் தள்ளுற தண்ணி, இலை ஓரத்துல இருக்கிற நீர்த்துளைகள் வழியா வெளியே வந்து நிக்கிறதுதான் அது. பொழுது ஏறி இலை மூச்சுவிட ஆரம்பிச்சதும் அந்தத் துளியில கொஞ்சம் திரும்ப உள்ளே இழுபடும். துளியில பாக்டீரியா நீந்திக்கிட்டிருந்தா அதுவும் கூடவே உள்ளே போகும். அந்தத் துளைக்கு நேர் கீழே சைலம் குழாய் திறந்திருக்கு. அதனாலதான் இந்த நோய் இலையோட ஓரத்துலயும் நுனியிலயும் ஆரம்பிக்குது.

இன்னொரு வழி காயம். காத்துல இலையோட இலை உரசினா காயம். நாத்தைப் பறிக்கும்போது வேர் அறுந்தா காயம். நான் நாத்து நுனியைக் கிள்ளினேனே, அது ஒவ்வொரு நாத்துக்கும் நானே வெட்டி வெச்ச வாசல். ஒரு நாத்தைக் கிள்ளின அதே விரலால அடுத்த ஆயிரம் நாத்தைக் கிள்ளினோம்.

போலி உத்தரவு

உள்ளே நுழைஞ்ச பாக்டீரியாவுக்கு ஒரு சிக்கல். அது உட்கார்ந்திருக்கிறது சைலம் குழாய். அங்கே தண்ணி நிறைய ஓடும், சர்க்கரை ரொம்பச் சொற்பம். ஆத்துத் தண்ணியக் குடிச்சு உடம்பு வளர்க்க முடியுமா? சர்க்கரை எல்லாம் குழாய்க்குப் பக்கத்துல இருக்கிற செல்களுக்குள்ள பத்திரமா இருக்கு. சவ்வைக் கிழிச்சா செல் செத்துப்போகும், சர்க்கரை உற்பத்தியும் நின்னுபோகும். அதனால இந்தத் திருடன் வரப்பை உடைக்கிறதில்ல. ராத்திரி மடை திருடுறவனை விடக் கெட்டிக்காரன். நீர்க்கட்டி கையெழுத்தையே போட்டுப் போலி உத்தரவு அனுப்புறான்.

பாக்டீரியாவின் உடம்புல ஊசி மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதைப் பக்கத்துச் செல்லுல குத்தி, தான் தயாரிச்ச புரதங்களை உள்ளே செலுத்தும். அதுல 'டால்' புரதம்னு ஒரு வகை. ஒரே பாக்டீரியாவுல சில நேரம் இருபதுக்கு அருகில்கூட இருக்கும். இந்தப் புரதம் நேரா உட்கருவுக்குப் போய், மரபணுவோட விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சு, சரியான இடத்துல உட்கார்ந்துக்கும். எப்படிப் படிக்குதுங்கிற சூத்திரத்தை 2009-ல் கண்டுபிடிச்சாங்க. அது உட்காருற விலாசம் எது தெரியுமா? அதே ஸ்வீட்11, ஸ்வீட்13, ஸ்வீட்14 சர்க்கரை மடைகள்.

செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. "உத்தரவு வந்திருக்கு"ன்னு நினைச்சுச் சர்க்கரை மடைகளைத் தயாரிச்சுத் தன் சவ்வுல வைக்குது. செல்லுக்குள்ள சர்க்கரை மேடு, வெளியே பள்ளம். மடை திறந்ததும் தானா ஓடி வருது. பாக்டீரியா ஒரு காசு செலவில்லாம தின்னு பெருகுது. பெருகினதும் கோந்து மாதிரி பசையைச் சுரக்கும். பசையும் பாக்டீரியாவும் சேர்ந்து சைலம் குழாயை அடைச்சிடும். தண்ணி ஏறாது. இலை காயும். கதிருக்குப் போக வேண்டிய சர்க்கரை வழியிலயே திருடு போனதால பாதி மணி பதராகும்.

நான் ஒன்பது மூட்டை எடுத்த கதை இதுதான். வயல்ல பசுமைக்குக் குறைவில்ல. விளைச்சல் வேற ஒருத்தன் களத்துக்குப் போயிடுச்சு.

தழைச்சத்து ஏன் நோயைக் கூட்டுது?

தழைச்சத்து அதிகமானா இந்த நோய் கடுமையாகும்னு எல்லா ஆராய்ச்சி நிலையங்களும் சொல்லுது. தழை மிகுந்த பயிர்ல இலை அகலமா, மெத்துனு, நெருக்கமா வளரும். காத்து உள்ளே போகாது, ஈரம் காயாது, ஓர் இலை இன்னொண்ணோட உரசிக்கிட்டே இருக்கும். சாம்பல் சத்து போதாம தழை மட்டும் ஏறினா இன்னும் மோசம்.

இதுல யூரியாவா, மீன் அமிலமா, கோழி எருவான்னு வேர் பேதம் பார்க்கறதில்ல. மக்கி முடிஞ்சதும் எல்லாமே வேர்கிட்ட அம்மோனியமாவோ நைட்ரேட்டாவோதான் வந்து நிக்குது. வாசல் அதே வாசல்தான். மூட்டையில வந்தாலும் தொட்டியில ஊறினாலும் அளவு மீறினா பலன் ஒண்ணுதான். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது: நான் யூரியாவைத்தான் விட்டேன். யூரியாக்காரனோட ஆசையை விடல.

நாட்டு நெல் எழுதி வெச்ச பதில்

மீதிப் பதில் விதையில இருக்கு. எனக்கு ரொம்பப் பெருமையா பட்ட பகுதி இது.

சர்க்கரை மடையைத்தான் பாக்டீரியா திருடுதுன்னா, மடையையே மண்ணைப் போட்டு அடைச்சுட்டா என்ன? முடியாது. ஸ்வீட்11 மடை இல்லேன்னா மகரந்தம் சரியா முதிராது, மணியும் ஒழுங்கா பால் பிடிக்காது. மடை வேணும், ஆனா போலி உத்தரவுக்குத் திறக்கக் கூடாது. இதுக்கு வழி இருக்கா?

வழி ஏற்கெனவே நம்ம நாட்டு நெல்லில் இருந்தது. பி.ஜே.1 என்ற பழைய நெல்லில் எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு உண்டு. பிரிச்சுப் பார்த்தப்ப அது வேற எதுவும் இல்ல, ஸ்வீட்11 மடையேதான். அதன் விலாசப் பகுதியில மட்டும் எழுத்து மாறியிருக்கு. செடியோட சொந்த உத்தரவு வழக்கம்போல வந்து சேரும். பாக்டீரியாவோட போலி உத்தரவு மட்டும் விலாசம் தெரியாமத் திரும்பிடும். வீடு அதேதான், கதவு எண் மட்டும் மாறிடுச்சு.

வங்கப் பகுதியில விளையுற ஆவுஸ் வகை நாட்டு நெல்லிலிருந்து வந்தது எக்ஸ்ஏ5. இதுல உத்தரவை வாங்கி வேலையை ஆரம்பிச்சு வைக்கிற 'எழுத்தர்' புரதம் லேசா மாறியிருக்கு. போலி உத்தரவைக் கையில வாங்க மாட்டேங்குது. மூணாவது எக்ஸ்ஏ21. இது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. 1970-களில் நம்ம கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துல அந்தக் காட்டு நெல்லோட எதிர்ப்புத்தன்மையைக் கவனிச்சாங்க. எக்ஸ்ஏ21 என்பது செல்லின் வாசல்ல கட்டிப்போட்ட காவல் நாய் மாதிரி. பாக்டீரியா வெளியிடுற ஒரு புரதத் துண்டை மோப்பம் பிடிச்சுச் செல்லை உஷார் பண்ணிடும்.

இந்த மூணையும் சாதாரண ஒட்டுக் கலப்பு மூலமா ஆந்திரா பொன்னிக்குள்ள, அதாவது சம்பா மசூரிக்குள்ள கொண்டு வந்தாங்க. ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து செஞ்ச வேலை. 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி'ன்னு 2008-ல் வெளியிட்டாங்க. இது மரபணு மாற்றுப் பயிர் இல்ல. கலப்புல வந்த நாத்துகள்ல எதுல அந்த மரபணு இருக்குன்னு ஆய்வகத்துல பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க, அவ்வளவுதான். ஆந்திரா பொன்னி போட்டே ஆகணும்ங்கிறவங்க இந்த விதையைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்ப சில ஆய்வகங்கள்ல ஸ்வீட் மடைகளோட விலாசப் பகுதியை நேரடியா வெட்டி மாத்துற மரபணுத் திருத்த வேலை நடக்குது. அதைப் பத்தின நம்ம இயக்கத்தோட கேள்விகள் தனி விவாதம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: எந்த எழுத்தை மாத்தணும்னு அவங்களுக்குக் கத்துக் கொடுத்ததே நாட்டு நெல்தான். நோய் வந்த வருஷத்துல எந்தக் கதிர் தலைநிமிர்ந்து நிக்குதோ அதை விதைக்கு எடுத்து வெச்ச பெயர் தெரியாத உழவர்கள்தான் அதைக் காப்பாத்தினாங்க.

அதுக்காக "நாட்டு ரகம்னா நோயே வராது"ன்னு சொல்லிடாதீங்க. நாட்டு ரகங்கள்ல தாங்குறதும் உண்டு, படுத்துடறதும் உண்டு. பாக்டீரியாவும் சும்மா இருக்கிறதில்ல. ஒரு மடையோட விலாசம் மாறினா, அடுத்த மடைக்குப் போலி உத்தரவு எழுதக் கத்துக்குது. அதனாலதான் ஒரே ரகத்தை ஊர் முழுக்கப் போடறது ஆபத்து. பல ரகம் கலந்து நிக்கிற ஊர்ல ஒரு போலிக் கையெழுத்து எல்லா வீட்டுலயும் செல்லாது.

விரும்பித் திறக்கிற வாசலும் உண்டு

பாக்டீரியா எல்லாமே திருடன்னு நினைச்சுடக் கூடாது. தக்கைப்பூண்டு வேரைப் பிடுங்கிப் பார்த்தா முடிச்சு முடிச்சா இருக்கும். அதுவும் பாக்டீரியா குடியிருக்கிற வீடுதான். ஆனா அங்கே நடக்கிறது கொடுக்கல் வாங்கல். வேர் முதல்ல ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுக் கூப்பிடும். பாக்டீரியா பதிலுக்கு ஒரு வேதிக்குறிப்பு அனுப்பும். குறிப்பு பொருந்தினாத்தான் வேர்த்தூவி வளைஞ்சு கொடுத்து உள்ளே விடும். செடி சர்க்கரையிலிருந்து செஞ்ச சாப்பாட்டைக் கொடுக்குது, பாக்டீரியா காத்துல இருக்கிற நைட்ரஜனை அம்மோனியமா மாத்திக் கொடுக்குது.

கணக்கும் கறாரா இருக்கும். நைட்ரஜன் கொடுக்காம சும்மா தின்னுக்கிட்டிருக்கிற முடிச்சுக்குச் செடி பிராணவாயுவைக் குறைச்சுடும்னு 2003-ல் சோயாவில் செஞ்ச ஆய்வு காட்டுச்சு. மண்ணுல நைட்ரேட் ஏற்கெனவே நிறைய கிடந்தா செடி முடிச்சே போடாது. "எனக்குத் தேவையில்ல, போ"ன்னு கதவைச் சாத்திடும். அங்கே எந்த வாசலை எப்போ திறக்கணும்ங்கிற முடிவு செடியோடது. இலைக்கருகல்ல அந்த முடிவைத்தான் பாக்டீரியா பறிச்சுக்குது.

கண்டுபிடிக்கிறது எப்படி?

மஞ்சள் ஓரம்னா எல்லாம் இந்த நோய் இல்ல. சாம்பல் சத்துக் குறைவிலயும் ஓரம் காயும். சந்தேகம் இருந்தா இப்படிப் பாருங்க. பச்சையும் மஞ்சளும் சேருற இடத்துல இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, வெட்டுவாய் தண்ணியில இருக்கிற மாதிரி வைங்க. கொஞ்ச நேரத்துல வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி கலங்கல் இறங்கினா அது பாக்டீரியாதான். சத்துக் குறைவுன்னா தண்ணி தெளிவாவே இருக்கும்.

காலையில இலை மேல பால் நிறத் துளி நிக்கும், வெயில்ல காய்ஞ்சு மஞ்சள் மணியா ஒட்டிக்கிடக்கும். காஞ்ச பகுதியோட உள் ஓரம் நேர்கோடா இல்லாம நெளிநெளியா போகும்.

நட்ட சில வாரத்துல முழுத் தூரும் வாடிச் சாகிறதும் இதே நோயோட இன்னொரு முகம். அதைக் கிரெசெக்னு சொல்றாங்க, இந்தோனேசியச் சொல். இதைக் குருத்துப்பூச்சின்னு நினைச்சு ஏமாறுறது உண்டு. குருத்துப்பூச்சின்னா நடுக்குருத்து இழுத்ததும் கையோட வந்துடும். இதுல வராது. தண்டோட அடியை வெட்டிப் பிதுக்கினா மஞ்சள் கலங்கல் கசியும்.

இப்ப நான் செய்யிறது

குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கிட்ட பாக்டீரியாவை வெளியிலிருந்து தெளிக்கிற எதுவும் எளிதா எட்டிப் பிடிக்காது. அதனால வராம பார்க்கிறதுதான் வேலை.

• நாத்து நுனி கிள்ளுறதை விட்டுட்டேன். 14 நாள் நாத்தை ஒத்தை நாத்தா, 25 சென்டிமீட்டர் இடைவெளியில நடறேன். கிள்ள வேண்டிய அவசியமே வர்றதில்ல, காத்தும் உள்ளே போகுது.

• தக்கைப்பூண்டு மடக்கின வயல்ல கோழி எரு கிடையாது. மீன் அமிலம் தெளிக்கணும்னா முதல்ல இலை வண்ண அட்டையைப் பிடிச்சுப் பார்ப்பேன். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அந்த நிறமோ அதுக்கு மேலயோ இருந்தா டப்பாவைத் திறக்கிறதே இல்ல. அடைமழைக்கு முந்தி கண்டிப்பாக் கிடையாது.

• நெல் எடுக்கிற சாம்பல் சத்துல பெரும்பகுதி வைக்கோல்லதான் நிக்குது. அதனால மாடு தின்னதுபோக மிச்ச வைக்கோலை வயலுக்கே திருப்புறேன். நோய் கண்ட வயலோட வைக்கோலையும் தாளையும் அப்படியே போடக்கூடாது. நல்லாச் சூடேறுற மாதிரி குவிச்சு மக்க வெச்சுத்தான் போடணும்.

• நிறுத்தின தண்ணியா வெச்சிருக்கிறதில்ல, காய்ச்சலும் பாய்ச்சலும்தான். நோய் இருக்கிற வயலோட வடிகால் அடுத்த வயலுக்குள்ள போகாம தனியா வெட்டி விடணும். அக்கம்பக்கத்துல பேசி வெச்சுக்க வேண்டிய விஷயம் இது.

• இலை ஈரமா இருக்கும்போது வயலுக்குள்ள இறங்கிக் களையெடுக்கிறதில்ல. துளி காய்ஞ்ச பிறகுதான். வரப்புல இருக்கிற நெல் இனத்துப் புல்லையும், தானா முளைச்ச நெல்லையும் பட்டத்துக்கு முன்னாடியே எடுத்துடணும். நோய் அதுலதான் காத்துக்கிட்டிருக்கும்.

• விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். இதுவும் பாக்டீரியாதான், ஆனா நம்ம ஆள். வேர்ல முன்னாடியே இடம் பிடிச்சுக்கும்.

• அறிகுறி தெரிஞ்ச உடனே, முத்த விடாம, 20 சதம் பசுஞ்சாணக் கரைசல். அதாவது ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் புதுச் சாணம். கரைச்சு, தெளிய வெச்சு, துணியில வடிகட்டித் தெளிக்கணும். 15 நாள் கழிச்சு மறுபடி ஒரு தடவை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிற முறைதான் இது. முத்தின வயலை இது மீட்டுக் கொடுக்காது. புது இலைக்குப் பரவுறதைத்தான் தடுக்கும்.

• நோய் வந்த வருஷம் வயல் முழுக்க நடந்து பார்த்து, எந்தத் தூர் தாங்கி நிக்குதோ அதுல துணி கட்டி அடையாளம் வைங்க. விதையைத் தனியா எடுத்து அடுத்த பட்டத்துல தனிப் பாத்தியில போட்டுப் பாருங்க. நோய் இல்லாத வருஷத்துல எல்லா ரகமும் நல்ல ரகம்தான். எது நல்லதுன்னு நோய் வர்ற வருஷம்தான் காட்டிக்கொடுக்கும்.

போன சம்பாவுலயும் அதே மாதிரி மழை வந்துச்சு. என் வயல்லயும் வடகிழக்கு மூலையில ரெண்டு குழி இடத்துல ஓரம் மஞ்சளாச்சு. டம்ளர்ல போட்டுப் பார்த்தேன், பால் இறங்கிச்சு. அன்னைக்கே வடிகாலைத் திருப்பிவிட்டுட்டு, மறுநாள் சாணக் கரைசல் அடிச்சேன். அந்த மூலையை விட்டு வெளியே வரல.

அண்ணன் வந்து பார்த்துட்டு, "அந்த டம்ளரைக் கொடுடா, என் வயலையும் ஒரு தடவை பார்த்துடலாம்"னு வாங்கிட்டுப் போனார். அவர் வயல்லயும் பால் இறங்கிச்சு. அடுத்த மேலுரத்துக்கு வாங்கி வெச்சிருந்த யூரியாவை அவர் போடல. அந்த மூட்டை இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில பிரிக்காமத்தான் கிடக்கு.